வீட்டில் கிட்டார் பதிவு: தெளிவான டோன் கிடைக்க, அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரு சின்ன அறை, ஒரு மைக் அல்லது ஆடியோ இன்டர்ஃபேஸ் (மைக்கையோ கிட்டாரையோ கணினியோடு இணைக்கும் பெட்டி), ஒரு கணினி. கையில் இவ்வளவுதான் இருக்கிறது என்று வைத்துக்கொண்டு எழுதிய பதில்கள் இவை. அக்கூஸ்டிக், எலெக்ட்ரிக் இரண்டுக்கும் சேர்த்துத்தான். எதையாவது வாங்கச் சொல்வதற்கு முன் எதையாவது நகர்த்திப் பார்க்கச் சொல்வது என் வழக்கம். அதனால் பிளக்இன் (ரெக்கார்டிங் மென்பொருளில் சேர்த்து ஓட்டும் சின்ன நிரல்) பற்றிய கேள்விகள் கடைசிப் பக்கம் தள்ளிப்போயிருக்கின்றன.

நேரில் கணீரென்று கேட்கிற கிட்டார், ரெக்கார்டிங்கில் மட்டும் ஏன் அமுங்கிப்போகிறது?

நமக்குக் காது இரண்டு, அவற்றுக்குப் பின்னால் மூளை. அறையின் எதிரொலி, ஃபேன் சத்தம், வெளியே போகிற வண்டி எல்லாவற்றையும் மூளை ஓரங்கட்டிவிட்டுக் கிட்டாரை மட்டும் முன்னால் கொண்டுவரும். மைக்குக்கு அந்த வித்தை தெரியாது. தன்னிடம் வந்து சேர்வதையெல்லாம் பாகுபாடு இல்லாமல் பதிந்துவிடும்.

இன்னொன்று, கிட்டாரின் சத்தம் ஒரே இடத்திலிருந்து வருவதில்லை. மேல்பலகை, சவுண்ட் ஹோல், பிரிட்ஜ், நெக் என்று ஒவ்வொரு பகுதியும் ஒவ்வொரு குணத்தோடு ஒலிக்கிறது. நாலடி தள்ளி உட்கார்ந்து கேட்பவருக்கு இவை எல்லாம் கலந்து ஒன்றாகிவிடும். பக்கத்தில் நிற்கிற மைக்குக்கு எந்தப் பகுதி அருகில் இருக்கிறதோ, அதுதான் மொத்தக் கிட்டாரும்.

மங்கலாக இருக்கிறது என்று பலரும் சொல்லும் பதிவுகளை உட்கார்ந்து கேட்டால் பெரும்பாலும் மூன்று காரணங்கள்தான் தெரியும்: அளவுக்கு மீறிய பேஸ், அறையின் எதிரொலி, செத்துப்போன கம்பி. மூன்றையும் பதிவுக்கு முன்னால் சரிசெய்வது சுலபம். பதிவுக்குப் பிறகு என்றால் பாதிதான் முடியும்.

அக்கூஸ்டிக் கிட்டாருக்கு மைக்கை எங்கே வைப்பது?

12-ஆவது ஃப்ரெட்டுக்கு எதிரே, ஒரு சாணிலிருந்து ஒன்றரைச் சாண் தூரத்தில், அதாவது சுமார் 20 முதல் 30 சென்டிமீட்டரில் ஆரம்பியுங்கள். மைக்கின் முகம் நெக் உடலோடு சேருகிற இடத்தைப் பார்க்கட்டும். ஸ்டூடியோக்களிலும் பெரும்பாலும் இங்கிருந்துதான் தொடங்குவார்கள்.

சத்தம் சவுண்ட் ஹோலிலிருந்துதானே வருகிறது, மைக்கை அங்கேயே வைத்தால் என்ன என்று தோன்றும். வைத்துப் பாருங்கள், தொம் தொம் என்று முட்டும். கிட்டாரின் வயிற்றுக்குள் இருக்கிற காற்று தனக்கென ஒரு அதிர்வெண்ணில் எதிரொலிக்கும். பெரிய உடல் கிட்டார்களில் அது சுமார் 100 ஹெர்ட்ஸ் பக்கம் இருக்கும். ஓட்டைக்கு நேரே வைத்த மைக்கில் அந்த இடம் மட்டும் புடைத்துக்கொண்டு நிற்கும். அதோடு, ஒரு பக்கத்துச் சத்தத்தை மட்டும் வாங்கும் கார்டியாய்டு மைக்குகள் பொருளுக்கு மிக அருகில் போகும்போது பேஸைக் கூட்டிக் காட்டும். இரண்டும் சேர்ந்தால் கேட்க வேண்டுமா!

சரியான இடத்தைக் கண்டுபிடிக்க ஒரு எளிய வழி உண்டு. ரெக்கார்ட் பொத்தானை அழுத்திவிட்டு, "பன்னிரண்டு, ஒரு சாண், நேராக" என்று வாயால் சொல்லுங்கள். பிறகு நாலு பார் வாசியுங்கள். அதில் ஆறாவது கம்பியின் ஒரு பேஸ் நோட்டும், முழு ஸ்ட்ரம் ஒன்றும், மேல் கம்பிகளில் ஒரு சின்ன மெலடியும் இருக்கட்டும். அப்புறம் மைக்கை இரண்டு விரல் அகலம் மட்டும் பிரிட்ஜ் பக்கம் நகர்த்தி, இடத்தைச் சொல்லிவிட்டு அதே நாலு பாரை வாசியுங்கள். அடுத்து மைக்கின் இடத்தை மாற்றாமல் முகத்தை மட்டும் நெக் பக்கம் லேசாகத் திருப்புங்கள். இப்படி ஏழெட்டு டேக் எடுத்துவிட்டு எழுந்து போய்த் தண்ணீர் குடித்து வந்து கேளுங்கள். இரண்டு விரல் அகல வித்தியாசம், அதிர்வெண் வாரியாகச் சத்தத்தை ஏற்றி இறக்கும் எந்த ஈக்யூவையும்விடப் பெரிதாக இருப்பதைப் பார்ப்பீர்கள். ஒப்பிடும்போது எல்லா டேக்கையும் ஒரே சத்த அளவுக்குக் கொண்டுவந்துவிட்டுக் கேட்க வேண்டும். சத்தம் கூடுதலாக இருப்பதைத்தான் காது எப்போதும் நல்லது என்று சொல்லும்.

நெக் பக்கம் போகப்போகக் கம்பியின் பளபளப்பும் விரல் உரசலும் கூடும். பிரிட்ஜுக்குப் பின்னால், உடலின் அடிப்பகுதி பக்கம் போனால் மரத்தின் சத்தம் கூடும், கொஞ்சம் மூக்கடைத்த தன்மையும் வரும். இன்னொரு இடமும் முயன்று பார்க்கத் தகுந்தது: வாசிப்பவரின் வலது தோளுக்கு மேலே, காதுக்குப் பக்கத்திலிருந்து கீழே கிட்டாரைப் பார்க்கும்படி வைப்பது. நீங்கள் தினமும் கேட்கிற கிட்டாருக்கு நெருக்கமான சத்தம் இங்கே கிடைக்கும். மூச்சுச் சத்தத்தையும் சேர்த்துப் பிடிக்கும், அதை மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

எந்த மைக் வாங்கலாம்? டைனமிக்கா, கண்டென்சரா?

அக்கூஸ்டிக் கிட்டாருக்குக் கண்டென்சர். அதிலும் பென்சில் போல ஒல்லியாக இருக்கும் சிறிய டயஃப்ரம் (சத்தத்தில் அதிரும் சவ்வு) வகை, கம்பி தட்டப்படும் அந்தக் கணத்தை நுட்பமாகப் பிடிக்கும். பெரிய டயஃப்ரம் வகை கொஞ்சம் உடம்போடு ஒலிக்கும். பாடுவதற்கும் அதே மைக்தான் என்றால் பெரியதே போதும். பெரும்பாலான ஸ்டூடியோ கண்டென்சர் மைக்குகளுக்கு இன்டர்ஃபேஸில் 48 வோல்ட் ஃபான்டம் பவர் பொத்தானைப் போட வேண்டும். போடாமல் விட்டுவிட்டு மைக் செத்துவிட்டது என்று பதறுபவர்கள் நிறைய.

ஷ்யூர் எஸ்எம்57 போன்ற டைனமிக் மைக்கில் அக்கூஸ்டிக் பதியக்கூடாது என்று சட்டம் ஒன்றும் இல்லை. பலமாக ஸ்ட்ரம் செய்தால் நன்றாகவே வரும். ஆனால் மெதுவான ஃபிங்கர்ஸ்டைல் என்றால் கெயினை, அதாவது உள்ளே வரும் சத்தத்தைப் பெருக்கும் அளவை, நிறைய ஏற்ற வேண்டியிருக்கும், கூடவே 'உஸ்' என்ற இரைச்சலும் ஏறும். நைலான் கம்பிக் கிட்டாருக்கு இந்தப் பிரச்சினை இன்னும் அதிகம், ஏனென்றால் அதன் சத்தமே குறைவு.

கையில் ஏற்கெனவே ஒரு மைக் இருந்தால், அடுத்ததை வாங்கும் முன் மேலே சொன்ன இடம் தேடும் வேலையை ஒரு மாலைப் பொழுது செய்து பாருங்கள்.

போனிலேயே பதிவு செய்தால் ஆகாதா?

ஆகும், ஐடியாக்களைப் பிடித்து வைக்க. பேச்சுக்காகச் செய்யப்பட்ட இரைச்சல் நீக்கியும் தானியங்கிக் கெயினும்தான் சிக்கல். கம்பியின் நீளமான வாலை அவை இரைச்சல் என்று நினைத்து வெட்டிவிடும். பலமாக வாசித்தால் சத்தத்தைத் தாழ்த்தும், நிறுத்தினால் தூக்கிவிடும். இவற்றை அணைக்க முடிகிற, வேவ் கோப்பாகச் சேமிக்கிற ரெக்கார்டிங் ஆப் ஒன்றைப் பிடியுங்கள். போனை மேசைமேல் படுக்கப்போடாமல் ஸ்டாண்டில் நிறுத்துங்கள். மற்றபடி இடம் தேடும் விதிகள் இதற்கும் அதேதான்.

அறையில் எதிரொலி கேட்கிறது. சுவரெல்லாம் ஃபோம் ஒட்ட வேண்டுமா?

முதலில் அறையில் நின்று ஒரு தடவை பலமாகக் கையைத் தட்டுங்கள். தட்டலுக்குப் பின்னால் 'ட்ர்ர்ங்' என்று ஒரு வால் ஓடினால், நேருக்கு நேர் நிற்கிற வெற்றுச் சுவர்களுக்கு நடுவில் சத்தம் போய்ப்போய் வருகிறது என்று அர்த்தம். அந்த வால்தான் உங்கள் ஒவ்வொரு நோட்டின் மேலும் ஒட்டிக்கொள்கிறது.

மெத்தை, துணி நிறைந்த அலமாரி, புத்தகங்கள், கனமான திரை எல்லாம் இருக்கிற படுக்கையறைதான் வீட்டில் நல்ல ஸ்டூடியோ. அலமாரிக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டே பதியலாம். தரை வெறும் தரையாக இருந்தால் கிட்டாருக்கும் மைக்குக்கும் நடுவில் ஒரு கனமான விரிப்பைப் போடுங்கள்.

கம்பளியை எங்கே தொங்கவிடுவது என்பதில் பலர் தடம் மாறிவிடுகிறார்கள். மைக்குக்குப் பின்னால் தொங்கவிடுவார்கள். ஆனால் கார்டியாய்டு மைக் தன் முதுகுப் பக்கத்துச் சத்தத்தைத் தானாகவே பெரும்பாலும் ஒதுக்கிவிடும். அது நேராகப் பார்ப்பது உங்களையும், உங்களுக்குப் பின்னால் இருக்கிற சுவரையும். ஆகவே கம்பளி வாசிப்பவரின் முதுகுக்குப் பின்னால் இருக்க வேண்டும். இரண்டு மடிப்பாக, சுவரிலிருந்து ஒரு சாண் விலகித் தொங்கினால் இன்னும் நன்றாக வேலை செய்யும்.

மெல்லிய ஃபோம் மேல் ஸ்தாயிச் சத்தத்தை மட்டும் உறிஞ்சும். பேஸ் அப்படியே நிற்கும். அறை முழுக்க அதை ஒட்டினால் பளபளப்பு போய், குமுறல் மட்டும் மிஞ்சும். முட்டை அட்டை அதைவிட மோசம், தீ பிடிக்கும் ஆபத்து வேறு.

ஒரே ஒரு நோட் மட்டும் புடைத்துக்கொண்டு கேட்கிறது. கிட்டாரில் கோளாறா?

பெரும்பாலும் அறைதான். இரண்டு சுவர்களுக்கு நடுவே 3 மீட்டர் என்றால், ஒலியின் வேகம் நொடிக்கு 343 மீட்டர் என்ற கணக்கில், 57 ஹெர்ட்ஸிலும் அதன் மடங்கான 114 ஹெர்ட்ஸிலும் அந்த அறை தானாகக் குமுறும். சாதாரண சுருதியில் கிட்டாரின் ஐந்தாவது கம்பி 110 ஹெர்ட்ஸ். அந்தக் கம்பியைத் தொடும்போதெல்லாம் அறையும் சேர்ந்து பாடும். நாற்காலியை ஒரு முழம் முன்னாலோ பக்கவாட்டிலோ நகர்த்திப் பாருங்கள். அறையின் நட்டநடுவிலும் மூலையிலும் உட்காராமல் இருப்பது நல்லது.

கிட்டாருமே தன் சொந்தக் காற்று அதிர்வெண்ணுக்குப் பக்கத்தில் இருக்கிற நோட்டைக் கொஞ்சம் தூக்கித்தான் காட்டும். கிட்டாரோடு வேறு அறைக்குப் போய் வாசித்துப் பாருங்கள். அங்கும் அதே நோட் புடைத்தால், மைக்கை சவுண்ட் ஹோலிலிருந்து இன்னும் விலக்க வேண்டும்.

பதிவுக்காகக் கம்பி மாற்றுவது அவசியமா?

அவசியம். சுற்றுக்கம்பிகளின் இடுக்கில் வியர்வையும் அழுக்கும் சேரச் சேர மேல் ஸ்தாயி செத்துப்போகும். கம்பியில் இல்லாத சத்தத்தை ஈக்யூ உண்டாக்கித் தராது, இரைச்சலைத்தான் தூக்கும். பேஸ் கம்பிகள் கறுத்திருந்தால், தட்டிவிட்டால் சீக்கிரம் அடங்கிப்போனால், மாற்றும் நேரம் தாண்டிவிட்டது.

பதிவுக்கு முந்தின நாள் மாற்றிவிடுங்கள். ஒவ்வொரு கம்பியையும் மெல்ல இழுத்து இழுத்துச் சுருதி சேர்த்து, அரை மணி நேரமாவது வாசித்துவிட்டால் நிலைக்கு வரும். புதுக் கம்பியில் விரல் நகரும்போது 'க்ரீச்' என்று கீச்சிடுவது கூடும். கோட்டிங் செய்த கம்பிகளில் அது குறைவு.

சுருதிக்கும் தெளிவுக்கும் என்ன சம்பந்தம்?

நிறைய. சுருதி லேசாக விலகிய கார்டு, சுருதி விலகியது என்று கேட்காது, மங்கலாக இருக்கிறது என்றுதான் கேட்கும். ஒரே நோட்டைத் தரவேண்டிய இரண்டு கம்பிகள் 1 ஹெர்ட்ஸ் விலகினால் நொடிக்கு ஒரு முறை சத்தம் ஏறி இறங்கும். ஆறு கம்பிகளிலும் இப்படிச் சின்னச் சின்ன அலைகள் ஓடினால் கார்டின் ஓரங்கள் கரைந்துவிடும். அதன் மேல் இன்னொரு கிட்டாரையும் பதிந்தால் குழப்பம் இரட்டிப்பாகும்.

ஆகவே ஒவ்வொரு டேக்குக்கும் முன் சுருதி பாருங்கள். கேப்போ போட்ட பிறகு மறுபடி பாருங்கள், அது கம்பிகளை இழுத்துச் சுருதியை ஏற்றிவிடும். 12-ஆவது ஃப்ரெட்டின் ஹார்மானிக்கும் அதே ஃப்ரெட்டை அழுத்தி வாசிக்கும் நோட்டும் ஒத்துப்போகவில்லை என்றால், திறந்த கம்பிகள் சரியாக இருந்தாலும் மேலே போகப்போக விலகும். புதுக் கம்பி போட்டும் அப்படியே இருந்தால் கிட்டார் பழுதுபார்ப்பவரிடம் காட்டுவதுதான் வழி.

பிக் மாற்றினால் டோன் மாறுமா?

மாறும், அதுவும் உடனே. அரை மில்லிமீட்டர் பிக், கம்பியில் பட்டு மடங்கும்போது 'டிக் டிக்' என்று அதன் பிளாஸ்டிக் சத்தமே முன்னால் வரும். பல கருவிகள் இருக்கிற பாட்டில் பின்னணி ஸ்ட்ரம்முக்கு அது பொருத்தம். தனிக் கிட்டாராக, ஒவ்வொரு நோட்டும் உருண்டு திரண்டு வரவேண்டும் என்றால் 0.8 முதல் 1 மில்லிமீட்டர் வரை போய்ப் பாருங்கள்.

பிக்கைவிடக் கை முக்கியம். வாசிக்காத கம்பிகளை அடக்காமல் விட்டால் அவை பின்னால் ரீங்கரித்துக்கொண்டே இருக்கும். மேடையில் யாருக்கும் கேட்காத அந்த மிச்சச் சத்தம் மைக்கில் பளிச்சென்று கேட்கும். கார்டு மாறும்போது பழைய பேஸ் நோட் அடங்கிவிட்டதா என்று ஒரு டேக்கை மெதுவாகக் கேட்டுப் பாருங்கள். இன்னொன்று, மைக்கைக் கண்டதும் பலர் வழக்கத்தைவிட ஓங்கி அடிக்கிறார்கள். ஓங்கி அடித்தால் கம்பி ஃப்ரெட்டில் இடித்துப் பிசிறு தட்டும். கெயின் இருக்கும்போது கைக்கு ஏன் அந்த வேலை?

கெயினை எவ்வளவு வைப்பது?

பாட்டிலேயே மிகப் பலமாக வாசிக்கும் இடத்தை வாசித்துக்கொண்டே, மீட்டரின் உச்சம் மைனஸ் 12 டெசிபல் பக்கம் நிற்கும்படி வையுங்கள். மீட்டர் நிரம்பி வழிய வேண்டும் என்பது பழைய காலத்துப் பழக்கம். 24 பிட் பதிவில் கோட்பாட்டளவில் 144 டெசிபல் இடைவெளி இருக்கிறது, கொஞ்சம் தாழ்வாகப் பதிந்தால் ஒன்றும் குறைந்துவிடாது. பூஜ்யத்தைத் தாண்டி வெட்டுப்பட்டால்தான் திரும்பக் கிடைக்காது.

எலெக்ட்ரிக் கிட்டாரை இன்டர்ஃபேஸில் நேராகச் செருகினால் உயிரே இல்லையே?

இரண்டு இடத்தில் பாருங்கள். முதலாவது, இன்டர்ஃபேஸில் 'இன்ஸ்ட்' அல்லது 'ஹை-இசட்' என்று ஒரு பொத்தான் இருக்கும், அது போட்டிருக்கிறதா? கிட்டாரின் பேசிவ் பிக்கப் சுமார் 1 மெகா ஓம் மின்தடை உள்ள உள்ளீட்டை எதிர்பார்க்கிறது. சாதாரண லைன் உள்ளீடு 10 கிலோ ஓம் பக்கம்தான் இருக்கும். அதில் செருகினால் சத்தமும் குறையும், மேல் ஸ்தாயியும் மழுங்கும். நீளமான கேபிளும் இதே மழுங்கலைத் தரும், வீட்டில் 3 மீட்டர் போதும்.

இரண்டாவது ஸ்பீக்கர். கிட்டார் ஸ்பீக்கர் வெறும் சத்தம் போடும் பெட்டி மட்டும் இல்லை, அது ஒரு வடிகட்டி. ஏறத்தாழ 5,000 ஹெர்ட்ஸுக்கு மேல் சத்தத்தைச் சரசரவென்று இறக்கிவிடும். டிஸ்டார்ஷனின் கரகரப்பு பெரும்பாலும் அதற்கு மேலேதான் இருக்கிறது. கணினிக்குள் ஆம்ப்பைப் போல ஒலிக்கும் ஆம்ப் சிமுலேட்டரைப் போட்டுவிட்டு, ஸ்பீக்கர் பெட்டியைப் போலச் செய்யும் கேபினெட் பகுதியை மறந்தால் அந்தக் கரகரப்பு முழுசாகக் காதில் விழும். கேபினெட் சிமுலேஷனோ, ஒரு ஸ்பீக்கர் பெட்டியின் ஒலிக்குணத்தைப் பதிந்து வைத்த இம்பல்ஸ் ரெஸ்பான்ஸ் கோப்போ ஆம்ப்புக்கு அடுத்து கட்டாயம் இருக்க வேண்டும். டோன் பிடிக்கவில்லை என்றால் ஆம்ப்பை மாற்றும் முன் இந்தக் கோப்பை மாற்றிப் பாருங்கள். நியூரல் ஆம்ப் மாடலர் போன்ற இலவச, திறமூலக் கருவிகளே இன்று வீட்டுப் பதிவுக்கு நன்றாகப் போதும்.

சுத்தமான கிட்டார் சத்தத்தைத் தனி டிராக்கில் பதிந்து வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த மாதம் மனசு மாறினால் ஆம்ப்பை மட்டும் மாற்றலாம்.

டிஸ்டார்ஷன் போட்டால் கார்டு எல்லாம் குழம்பிவிடுகிறது.

தனியாக வாசிக்கும்போது பிடித்த டிரைவ் அளவிலிருந்து பாதியாகக் குறையுங்கள். ஒல்லியாகத் தெரியும், பரவாயில்லை. இரண்டு தடவை வாசித்து இருபுறமும் வைக்கும்போது கனம் தானாக வந்துவிடும்.

பேஸைக் குறைப்பது டிஸ்டார்ஷனுக்கு முன்னால் நடக்க வேண்டும், பின்னால் இல்லை. தாழ்ந்த சத்தம்தான் ஆம்ப்பை முதலில் திணறடித்து எல்லாவற்றையும் சேற்றில் இறக்குகிறது. ட்யூப் ஸ்க்ரீமர் வகைப் பெடலை டிரைவ் குறைத்து, லெவல் ஏற்றி, ஆம்ப்புக்கு முன்னால் வைக்கும் பழக்கம் இதற்குத்தான். அது பேஸை வெட்டி 720 ஹெர்ட்ஸ் பக்கத்து நடு ஸ்தாயியை முன்னுக்குத் தள்ளும்.

ஆம்ப் முன்னால் மைக் வைப்பது எப்படி?

எஸ்எம்57 வந்தது 1965-இல், இன்றும் இந்த வேலைக்கு முதல் பெயர் அதுதான். ஸ்பீக்கர் துணியிலிருந்து இரண்டு மூன்று சென்டிமீட்டரில் வையுங்கள். கோனின் நட்டநடுவில் சத்தம் மிகக் கூர்மையாக இருக்கும், ஓரத்துக்குப் போகப்போக மங்கும். நடுவில் இருக்கிற வட்ட மூடி முடிகிற விளிம்பு பெரும்பாலும் நல்ல ஆரம்பம். டார்ச் அடித்துப் பார்த்தால் துணிக்குப் பின்னால் அந்த விளிம்பு தெரியும், டேப் ஒட்டி அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள். ஆம்ப்பைத் தரையில் வைக்காமல் ஒரு ஸ்டூலில் தூக்கி வைத்தால் குமுறல் குறையும்.

எலெக்ட்ரிக்கில் 'ம்ம்ம்' என்று ஹம் வருகிறது.

சிங்கிள் காயில் பிக்கப் என்றால் அது சுற்றிலும் இருக்கிற மின்காந்தப் புலத்தை ஆன்டெனா மாதிரி பிடிக்கிறது. மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் உள்ள இடத்தில் 50, 100, 150 என்று கேட்கும், 60 உள்ள இடத்தில் அதன் மடங்குகளில் கேட்கும். நாற்காலியில் உட்கார்ந்தபடியே மெல்லச் சுழன்று பாருங்கள். ஒரு திசையில் ஹம் சட்டென்று அடங்கும், அங்கேயே உட்கார்ந்து வாசியுங்கள். அடாப்டர், மானிட்டர், விளக்கு டிம்மர் இவற்றிலிருந்து தள்ளி இருங்கள்.

இந்தத் தலைவலிக்காகத்தான் கிப்ஸன் நிறுவனத்தின் செத் லவர் ஹம்பக்கரை உருவாக்கி 1955-இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். எதிரெதிராகச் சுற்றிய இரண்டு காயில்கள், எதிரெதிர் காந்தமுனைகள். ஹம் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும், கம்பியின் சத்தம் மட்டும் கூடும். உங்கள் கிட்டாரில் ஹம்பக்கர் இருந்தால், அல்லது ஸ்விட்சை இரண்டு பிக்கப் சேரும் இடத்தில் வைத்தால் ஹம் அடங்குகிறதா என்று பாருங்கள்.

லேப்டாப் சார்ஜரைக் கழற்றினால் சத்தம் நின்றுவிடுகிறதா? அப்படியானால் அந்தப் பதிவை பேட்டரியில் முடித்துவிடுங்கள். பிளக்கின் எர்த் பின்னைக் கழற்றினால் ஹம் போகும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். கையில் இருப்பது உலோகக் கம்பி, எர்த் இல்லாமல் போனால் உயிருக்கே ஆபத்து.

அக்கூஸ்டிக்கில் உள்ளேயே பிக்கப் இருக்கிறது. அதையே பதியலாமா?

பியெசோ பிக்கப் பிரிட்ஜின் அழுத்தத்தைத்தான் பிடிக்கிறது, காற்றில் வருகிற சத்தத்தை அல்ல. அதனால்தான் அந்த பிளாஸ்டிக் தன்மை. மேடைக்கு அது வரம், பதிவுக்கு மைக்தான். மைக்கோடு சேர்த்துத் தனி டிராக்கில் பதிந்து, மெலிதாகக் கலந்துகொள்ளலாம்.

இரண்டு மைக் வைத்தால் இன்னும் தெளிவாக வருமா?

ஒரு மைக்கில் நன்றாக வராதது இரண்டில் வராது. ஒலி 1 மில்லி நொடியில் சுமார் 34 சென்டிமீட்டர் போகும். இரண்டு மைக்குகளுக்கும் கிட்டாரிலிருந்து இருக்கும் தூரத்தில் 17 சென்டிமீட்டர் வித்தியாசம் வந்தால், ஒன்றாகக் கலக்கும்போது 1,000 ஹெர்ட்ஸ் பக்கம் ஒன்றையொன்று தின்றுவிடும். சத்தம் குழாய்க்குள்ளிருந்து வருவது போலக் கேட்டால் இதுதான் காரணம். இரண்டையும் மோனோவில் கேட்டு, ஒன்றின் போலாரிட்டியை (ஒலி அலையின் மேடு பள்ளத்தை) மென்பொருளில் திருப்பிப் பாருங்கள். திருப்பியதும் சத்தம் தடித்தால் முதலில் இருந்தது தப்பு. இந்தச் சிக்கலே வேண்டாம் என்றால் இரண்டு சிறிய கண்டென்சர்களின் தலைகள் ஒட்டியிருக்க, 90 டிகிரி கோணத்தில் எக்ஸ்-ஒய் முறையில் வையுங்கள்.

ஈக்யூவில் என்ன செய்வது?

முதலில் வெட்டுங்கள். ஆறாவது கம்பியே 82 ஹெர்ட்ஸில்தான் தொடங்குகிறது. அதற்குக் கீழே இருப்பது காலடிச் சத்தமும் மேசை அதிர்வும், 80-க்குக் கீழே இருப்பதை வெட்டும் ஹை-பாஸ் வடிகட்டியைப் போட்டுவிடலாம். பாட்டில் பேஸ் கிட்டார் இருந்தால் 100, 120 வரைகூடப் போகலாம். தனியாகக் கேட்கும்போது மெலிந்து தெரியும், பாட்டோடு கேட்டால் சரியாக உட்காரும்.

குழப்பம் வழக்கமாக 200 முதல் 400 ஹெர்ட்ஸுக்குள் இருக்கும். அங்கே இரண்டு மூன்று டெசிபல் இறக்கினாலே திரை விலகும். அதைச் செய்யாமல் மேல் ஸ்தாயியை ஏற்றுகிறவர்கள்தான் அதிகம். காது கூசும், மங்கல் அப்படியே இருக்கும். வெட்டிய பிறகும் கூர்மை போதவில்லை என்றால் 3,000 ஹெர்ட்ஸ் பக்கம் லேசாக ஏற்றுங்கள். பாடகர் இருந்தால் அங்கே அவருக்கும் இடம் வேண்டும் என்பது நினைவிருக்கட்டும்.

ஒரு பேண்டை 12 டெசிபல் ஏற்றி இங்கும் அங்கும் ஓட்டி, அசிங்கமாகக் கேட்கிற இடத்தையெல்லாம் வெட்டும் முறை வீடியோக்களில் பிரபலம். அப்படி ஏற்றினால் எந்த இடமும் அசிங்கமாகத்தான் கேட்கும். வெட்டி வெட்டிக் கடைசியில் கிட்டாரே மிஞ்சாது. முதலில் காதில் உறுத்தும் ஒன்றைக் கேளுங்கள், பிறகு அதை மட்டும் தேடிப் போங்கள்.

கம்ப்ரஸர், ரிவெர்ப்?

பலமான சத்தத்தை அமுக்கிச் சமன்செய்யும் கம்ப்ரஸர் 3-க்கு 1 விகிதத்தில், அது வேலையைத் தொடங்க எடுக்கும் நேரமான அட்டாக் 20, 30 மில்லி நொடி. அட்டாக்கை மிக வேகமாக வைத்தால் பிக் படும் கூர்மை முதலில் சாகும். எவ்வளவு அமுக்குகிறது என்று காட்டும் முள் மூன்று நாலு டெசிபலுக்கு மேல் அசைய வேண்டாம். செயற்கையாக எதிரொலி சேர்க்கும் ரிவெர்ப்பைத் தனி டிராக்கில் வைத்து, அதன் பேஸை 200 ஹெர்ட்ஸ் வரை வெட்டிவிடுங்கள். அறையின் எதிரொலியை மறைக்க ரிவெர்ப் போடுவது நடக்காத காரியம், இரண்டும் சேர்ந்து கேட்கும்.

ஒரே டேக்கை நகலெடுத்து இடமும் வலமும் வைத்தால் அகலமாகுமா?

ஆகாது. அச்சு அசலான இரண்டு நகல் நடுவில்தான் கேட்கும், சத்தம் மட்டும் கூடும். இரண்டாவது தடவை உண்மையாகவே வாசிக்க வேண்டும். கை ஒருபோதும் ஒரே மாதிரி வாசிக்காது, அந்தச் சின்ன வித்தியாசம்தான் அகலம்.

வாசிக்கும்போது ஹெட்ஃபோனில் சத்தம் தாமதமாக வருகிறது.

கணினி ஒரு தடவைக்குச் சேர்த்து வைத்துக்கொள்ளும் சத்தத்தின் அளவான பஃபரைக் குறையுங்கள். நொடிக்கு 48,000 சாம்பிள், அதாவது 48 கிலோ ஹெர்ட்ஸில், 1,024 சாம்பிள் என்றால் ஒரு வழிக்கே 21 மில்லி நொடி, 128 என்றால் 2.7 மில்லி நொடி. விண்டோஸில் இன்டர்ஃபேஸுக்கு உரிய, தாமதம் குறைந்த ஏசியோ (ASIO) டிரைவரைப் போடுங்கள். ஆம்ப் சிமுலேட்டர் தேவையில்லை என்றால் இன்டர்ஃபேஸின் டைரக்ட் மானிட்டரிங் (கணினிக்குப் போய் வராமல் நேரே ஹெட்ஃபோனில் கேட்பது) போதும். அதைப் போட்டால் மென்பொருளில் மானிட்டரை அணைத்துவிட வேண்டும். இரண்டும் ஓடினால் சத்தம் இரட்டையாகி உள்ளே வெறுமையாகக் கேட்கும், டோனே கெட்டுவிட்டது என்று வீணாக மைக்கை நகர்த்திக்கொண்டிருப்பீர்கள்.

96 கிலோ ஹெர்ட்ஸில் பதிந்தால் தெளிவு கூடுமா?

48 போதும், 44.1-உம் போதும். பிட் மட்டும் 24 வையுங்கள், கோப்பு வேவ் ஆக இருக்கட்டும். எம்பி3 நண்பருக்கு அனுப்ப மட்டும்.

ஃபேனை நிறுத்தித்தான் ஆக வேண்டுமா? இரைச்சல் நீக்கும் பிளக்இன் இருக்கிறதே?

டேக் ஓடும் அந்த நாலு நிமிஷம் நிறுத்துங்கள். இரைச்சல் நீக்கி, நோட் அடங்குகிற வாலில்தான் முதலில் கைவைக்கும். தண்ணீருக்குள்ளிருந்து கேட்பது போல ஒரு குளறல் விட்டுப்போகும். நிறுத்தவே முடியாத இரைச்சல் என்றால், வாசிக்கும் முன் பத்து விநாடி வெறும் அறைச் சத்தத்தைப் பதிந்து வைத்துக்கொள்ளுங்கள். ரீப்பர், அடாசிட்டி என்ற ரெக்கார்டிங் மென்பொருள்கள் இரண்டிலும் அதை மாதிரியாகக் கொடுத்து, ஆறு டெசிபல் அளவுக்கு மட்டும் குறைக்கலாம்.